முப்பத்தொரு பேர் குடியிருந்த வீடு

இலத்தூரில் சங்கரேஸ்வரியின் வீட்டில் இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்பக்கம் தகரம் போட்ட குளியலறை. அவ்வளவுதான். அந்த வீட்டில் மூன்று வருடமாக முப்பத்தொரு ஆண்பிள்ளைகள் வாடகைக்குக் குடியிருப்பதாக அரசாங்கக் காகிதம் சொன்னது. வீட்டுக்காரிக்கு அந்த விஷயம் முந்தாநாள் சாயங்காலம்தான் தெரிய வந்தது.

"முப்பத்தொரு பேரா! காலையில குளிக்கப் போக டோக்கன் குடுப்பீகளோ, அக்கா?" என்றான் பீர் மைதீன்.

சங்கரேஸ்வரி சிரிக்கவில்லை. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வயது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். தினமும் அறுபது பிள்ளைகளுக்கு முட்டை எண்ணிக் கொடுப்பவள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பேராச்சி தன் உதவியாளனை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்துநாலு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வாகன விபத்துகளைத் துருவியவள். முட்டிய காருக்கும் முட்டியதாகச் சொல்லப்படும் காருக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தே தலை நரைத்துப் போனவள். விருப்ப ஓய்வு வாங்கி, தென்காசி ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சோடாக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் பார்த்தால் பீர் மைதீன் வாயை மூடுவான். எப்படியும் அரை நிமிஷம்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் பேராச்சி.

"கொச்சிப் பக்கம் ஒருத்தன் காரைக் கொண்டுபோயி காய்கறிக் கடைக்குள்ள விட்டுட்டு ஓடிட்டானாம், அக்கா. கடைக்காரருக்குக் கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்காரு. கார்ல கெடந்த லைசென்ஸ்ல எங்க வீட்டு அட்ரஸ். கேரளா போலீஸ் வந்து, 'ஒங்க வாடகைக்காரன் எங்க?'ங்காவ. எனக்கு வாடகைக்காரனே கிடையாதுன்னேன். என் கையெழுத்துப் போட்ட வாடகைப் பத்திரத்தை எடுத்துக் காட்டுதாவ. அதுக்குப் பெறகு நம்மூரு எஸ்.ஐ. தோண்டுதாரு, தோண்டத் தோண்ட முப்பத்தொண்ணு."

"எஸ்.ஐ. யாரு, சந்தோஷ்குமாரா?"

"அவருதாம். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பொறுக்கேன்னாரு. அதுக்குள்ள எவன் செஞ்சான்னு காட்டலன்னா கேசுல முதல் பேரு என் பேருதாம். கேசுன்னு ஆயிட்டா மறுநாளே சஸ்பெண்டு. வீட்டுக்காரரு போனதுக்குப் பெறகு இந்த ஒரு வேலைதான் எனக்கு." அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

சுவர்க் கடிகாரம் பத்து இருபது காட்டியது.

பீர் மைதீனின் அரை நிமிஷம் முடிந்திருந்தது. "இது எச்சுக்குப் பயந்து ஓடி வந்த கூட்டம்," என்றான். "கேரளாவுல கார் லைசென்ஸ் வேணும்னா கம்பிக்கு நடுவுல 'H' எழுத்து மாதிரி வண்டிய ஓட்டி எச் போடணும்லா. முன்னால போயி, பின்னால வந்து, ஒரு கம்பி சாஞ்சாலும் வீட்டுக்குப் போன்னுருவாவ. புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி இங்கன வந்துட்டா அந்தக் கெடுபிடி இல்லன்னு ஒரு நெனப்பு. ஆனா இங்கன லைசென்ஸ் எடுக்க இங்கன அட்ரஸ் வேணுமே. அதுக்குத்தாம் ஒங்க வீடு."

அவன் பேச்சில் சொந்த எரிச்சலும் கலந்திருந்தது. தம்மாமிலிருந்து ரியாத் வரை பதினெட்டுச் சக்கர லாரியைப் பதினொரு வருடம் ஓட்டியவன் அவன். அவன் சவுதியில் இருந்தபோதே இந்திய லைசென்ஸ் காலாவதியாகி ஆறு வருடம் ஓடிப்போனது. திரும்பி வந்தவனை, முதலிலிருந்து ஆரம்பி என்றார்கள். எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் வாங்கு, எல் போர்டு மாட்டு, கார் லைசென்ஸ் எடு, ஒரு வருடம் கழித்து ஹெவிக்கு வா. வெள்ளிக்கிழமை அவனுக்கு டெஸ்ட். தேறினால் நெய்ச்சோறு போடுவதாக அவன் மனைவி நஸீபா தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாள்.

பேராச்சி இதற்குள் வாடகைப் பத்திர நகல்கள் ஏழெட்டை ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர்கள் வேறு, தேதிகள் வேறு. கீழே இருந்த கையெழுத்து மட்டும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தது.

"இந்த நோட்டுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

சங்கரேஸ்வரி போட்டாள். அரைப் பக்கத்துக்கு ஓடியது அது. கடைசி எழுத்தின் கொம்பு மேல்வரி வரைக்கும் பறந்தது.

"பத்திரத்துல உள்ளதும் நீங்க போட்டதுதாம். ஆனா கையைக் காலை மடக்கிக்கிட்டு இருக்கு. நாலு பக்கமும் இடிக்குது பாருங்க. சின்னப் பெட்டிக்குள்ள போடச் சொன்னா இப்படித்தாம் வரும். வெத்துத் தாள்ல போடுதவ எதுக்கு இவ்வளவு குறுக்கணும்? நீங்க எங்கயாவது ஒரு பெட்டிக்குள்ள கையெழுத்துப் போட்டீகளா?"

சங்கரேஸ்வரி யோசித்தாள். பிறகு பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தாள். அவளுடைய டிரைவிங் லைசென்ஸ். கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்ட மட்டும் அனுமதி. போட்டோவுக்குக் கீழே பெட்டிக்குள் அதே மடங்கிய கையெழுத்து.

"மூணு வருஷத்துக்கு முந்தி ஸ்கூட்டி பழகினேன். பொறுமை டிரைவிங் ஸ்கூல்னு பேரு. ஒரு பொண்ணுதாம் பழக்கினா. ஓனரை ஒரே ஒருக்கப் பார்த்தேன். இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணுன்னு பதினஞ்சு கையெழுத்து வாங்கினாரு, தலையக்கூட நிமித்தல. கரண்டு பில்லு அட்டை, ஆதாரு, எல்லாம் ஜெராக்ஸ் குடுத்தேன்."

"அந்த ஸ்கூலு இப்பம் எங்க இருக்கு?"

"மூடிட்டாவளே. இப்பம் அங்கன செருப்புக்கடை."

"பொறுமை போயிருச்சு, அதாம் நாட்டுல எல்லாவனும் ஹாரன் அடிக்கான்," என்றான் பீர் மைதீன்.

பேராச்சி அதைக் காதில் வாங்கவில்லை. "அந்த முப்பத்தொரு பேருக்கு எப்பமாவது தபால் வந்திருக்கா?"

"லைசென்ஸ் எதுவும் என் கைக்கு வந்ததில்ல. நான் பள்ளிக்கூடத்துல இருக்கப்ப எவனோ தபால்காரரு கிட்ட வாடகைக்காரன்னு சொல்லி வாங்கியிருக்கான். ஒண்ணே ஒண்ணு போன வாரம் கதவுக்கடியில கெடந்துச்சு. எவனோ சுகுமாரனாம். படம் நல்லா இருக்கேன்னு ஊறுகாய்ப் பரணிக்கு மூடியா வச்சிருந்தேன்." மஞ்சள் கறையோடு ஒரு வாழ்த்து அட்டை வெளியே வந்தது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜ்காரர் அனுப்பியது. சீசன் வாழ்த்துக்கள், உங்கள் வழக்கமான அறை 104, வரும் திங்கள் முதல் சனி வரை, இந்த வருடமும் தயார்.

பேராச்சி முதல் தடவையாகச் சிரித்தாள். "ரூம் போடும்போது லைசென்ஸைக் காட்டியிருக்கான். அதுல இருந்த அட்ரஸுக்கு லாட்ஜ்காரன் அட்டை அனுப்பிட்டான். ஏன் பீரு, இலத்தூர்ல வீடு இருக்கவன் எதுக்குவே குற்றாலத்துல வருஷா வருஷம் ரூம் போடுதான்?"

"வீட்ல முப்பது பேரு இருக்கான்லா அக்கா. நெருக்கடியா இருக்கும்."

*

மீதிப் பத்திர நகல்களையும் பார்த்து முடித்து, பேராச்சியின் பழைய மாருதி தென்காசியை விட்டுக் கிளம்பும்போது மணி ஒன்று. ஓட்டியவன் பீர் மைதீன். முன்னும் பின்னும் சிவப்பு எல். பக்கத்து இருக்கையில் பேராச்சி இருப்பது சட்டத்துக்காக. எல்.எல்.ஆர். வைத்திருப்பவன் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் ஒருத்தர் இருக்க வேண்டும். அவளிடம் இருபத்தாறு வருட லைசென்ஸ் இருந்தது. அவள் ஓட்டி அவன் பார்த்தது மட்டும் இல்லை. கேட்டால், "எனக்கு யோசிக்கணும், நீரு ஓட்டும்" என்பாள்.

ஊர் எல்லையில் ஒரு கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தினார். எல் போர்டைக் கண்டால் அவர்களுக்கு ஒரு உற்சாகம். பீர் மைதீன் தலைக்கு மேல் இருந்த வெயில் மறைப்பிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட எல்.எல்.ஆரை உருவி நீட்டினான். கான்ஸ்டபிள் போட்டோவைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், பேராச்சியின் லைசென்ஸையும் பார்த்தார்.

"இந்தம்மா சொல்லுதபடி கேட்டு ஓட்டுங்க. அனுபவம்லாம் காசு குடுத்தா வராது," என்று புத்தி சொல்லிவிட்டு, காகிதத்தைப் பேராச்சியின் கையில் கொடுத்தார்.

பேராச்சி அதைத் திருப்பித் தரக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு தானே வெயில் மறைப்பில் செருகினாள்.

"ஒம்ம டிரைவிங் ஸ்கூல் பேரு என்னவே?"

"வாயுவேகம்."

"நல்லா சொல்லிக் குடுக்காவளா?"

"எனக்கா? பதினெட்டுச் சக்கரம் ஓட்டினவனுக்கு கிளட்ச்சு எதுன்னு காட்டிக் குடுத்தாரு. நானும் தலைய ஆட்டிக்கிட்டேன்."

அதற்குப் பிறகு குற்றாலம் வரை பேராச்சி ஒன்றுமே பேசவில்லை. சாரல் கண்ணாடியில் பொடிப்பொடியாக விழுந்தது. அக்கா யோசிக்கிறாள் என்று பீர் மைதீன் நினைத்தான். தன்னைப் பற்றித்தான் யோசிக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

*

நூற்றுநாலாம் அறைக்காரர் லாட்ஜ் முற்றத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, துண்டோடு நின்றுகொண்டிருந்தார். அருவிக்குப் புறப்படும் கோலம். கொட்டாரக்கரையில் பேக்கரி வைத்திருக்கும் சுகுமாரன் அவர்தான் என்று லாட்ஜ் பையன்களிடம் கேட்டறிய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

நேரடியாகக் கேட்டால் துண்டைக்கூட மறந்துவிட்டு ஓடிப்போவார் என்று பேராச்சி கணக்குப் போட்டாள். அவருடைய வெள்ளைக் காருக்கு முன்னால் தங்கள் காரை மறித்து நிறுத்தச் சொன்னாள்.

"அண்ணாச்சி, ஒங்க காரைக் கொஞ்சம் பின்னால எடுங்க. எங்க வண்டி திரும்பணும்."

சுகுமாரன் சுற்றுமுற்றும் பார்த்தார். "வாட்ச்மேன் வரட்டே, சேச்சி. அயாளாணு எப்போழும் வண்டி எடுக்குந்நது."

"வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிட்டாரு. நாலடி பின்னால போனாப் போதும்."

வழியில்லை. எண்ணெய் உடம்போடு சீட்டில் சறுக்கி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். பிறகு அவர் வாய் முணுமுணுக்க ஆரம்பித்தது. அதுவரை மலையாளம் பேசிய வாயிலிருந்து அச்சு அசல் திருநெல்வேலித் தமிழ் வந்தது.

"பால் பொங்குது... பால் பொங்குது... தீயைக் குறைலே... தீயைக் குறைலே..." கிளட்ச் மெல்ல மேலே வந்தது. வண்டி பின்னால் ஊர்ந்தது. "மாமியா வருதா... மாமியா வருதா..." பிரேக்கைத் தேடிய கால் எண்ணெயில் வழுக்கியது. "மாமியா வந்துட்டாலே!"

லாட்ஜின் செம்பருத்தித் தொட்டி மூன்றாக உடைந்தது.

பீர் மைதீன் வாய்விட்டுச் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கார்க் கதவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். பேராச்சி உடைந்த தொட்டியைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் என்னவோ ஒன்று இறங்கிப் போனது.

"என்னவே சிரிப்பு?"

"அக்கா, இது எங்க மாஸ்டரு பாட்டு! கிளட்ச்சுக்குப் பால், பிரேக்குக்கு மாமியா. இன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு என்கிட்டயும் இதத்தான் பாடினாரு. ஜெகதீஸ்வரன் மாஸ்டரு. வாயுவேகம்!"

சுகுமாரன் உடைந்த தொட்டிக்கு முன்னால் நின்று உண்மையைக் கொட்டினார். "நாலு தடவ எச் நோக்கி, சேச்சி. நாலிலும் கம்பி விழுந்து. என்றெ அளியன், மச்சான், சொன்னான், தென்காசியில் ஒரு மாஷ் உண்டு, அட்ரஸும் அவர் தரும்னு. நான் கையொப்பு மட்டும் போட்டு. இலத்தூர் எவிடெயாணுன்னுகூட எனிக்கு அறியில்லா."

"அப்பம் ஒரு தடவை வந்து சொல்லுவீரா, போலீஸ்ல?"

"ஐயோ!" என்றார் சுகுமாரன். அவர் அருவிக்குப் போகவில்லை. எண்ணெயோடு நேராக அறைக்குள் போய்ப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார்.

"சரிதாம். முப்பத்தொண்ணுல ஒருத்தனும் வரமாட்டான்," என்றாள் பேராச்சி. மணி இரண்டு.

*

வாயுவேகம் டிரைவிங் ஸ்கூலில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சாலை விதிகளை மதிப்போம் என்று ஒரு பெரிய போர்டு. ஜெகதீஸ்வரன் வாயில் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றரை மணிக்கு இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். பேராச்சியை அவருக்குத் தெரியாது. கூட வந்து மூலையில் உட்கார்ந்த சங்கரேஸ்வரியை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பீர் மைதீன் வெளியே ஜன்னலோரம் நின்றான். அவனுக்குப் பின்னால், சட்டைக்கு மேல் சாதாரணக் கோட்டு மாட்டிக்கொண்டு, பேராச்சி போனில் வரவழைத்த எஸ்.ஐ. சந்தோஷ்குமார்.

"என் கொழுந்தன் மகனுக்கு லைசென்ஸ் எடுக்கணும்," என்றாள் பேராச்சி. "அவன் புனலூர்ல இருக்கான். எச் வர மாட்டேங்கு."

"கேரளாக்காரனுக்கு எச்சு ஒரு சாபம்மா. நம்மகிட்ட விட்ருங்க. பையன் ரெண்டே ரெண்டு நாளு வந்தாப் போதும்."

"இங்கன அட்ரஸ் இல்லையே?"

"விடுங்க, நான் பாத்துக்கிடுதேன். இலத்தூர்ல நமக்கு ஒரு வீடு இருக்கு."

"எந்த வீடு, தம்பி?" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

"வடக்குத் தெருவுல, ரெண்டு ரூமு. ஓனரம்மா நமக்கு ரொம்ப வேண்டியவங்க." அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்துக்கொண்டே சொன்னார். மேலேயே இருந்தது சங்கரேஸ்வரியின் கரண்டு பில் அட்டை நகல். அதற்குக் கீழே பொறுமை டிரைவிங் ஸ்கூல் என்று அச்சடித்த பழைய விண்ணப்பம். பொறுமைதான் பெயர் மாறி வாயுவேகம் ஆகியிருந்தது.

சங்கரேஸ்வரி எழுந்து வந்து மேஜை முன்னால் நின்றாள். "அவங்க எப்படி இருப்பாங்க? கறுப்பா, செவப்பா?"

ஜெகதீஸ்வரன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். வாயில் இருந்த கிராம்பு விழுங்கப்பட்டது. கதவருகே கோட்டு விலகி, காக்கி தெரிந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் பேராச்சிக்குத் துப்பறியும் நிலையம் எதற்கு? மாஸ்டர் லேசுப்பட்டவர் இல்லை. தொண்டையைச் சரிசெய்து, எஸ்.ஐ.க்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"சார், நான் தப்பு செஞ்சேன், ஒத்துக்கிடுதேன். ஆனா தனியாச் செய்யல. இந்தம்மா சம்மதிச்சுத்தாம் அட்ரஸ் குடுத்தாவ. கையெழுத்து அவங்களுதுதானே? பங்கு வாங்கிட்டு இப்பம் பத்தினி வேஷம் போடுதாவ."

சங்கரேஸ்வரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பங்காளி முகம் ஒமக்குத் தெரியாதோ?" என்றாள் பேராச்சி. "எதிர்ல வந்து உட்கார்ந்து, கேள்வி கேட்டும் தெரியலையே. கூட்டுன்னா அந்தம்மாகிட்டப் புதுசா ஒரு கையெழுத்து வாங்குததுக்கு என்ன? மூணு வருஷத்துக்கு முந்தின ஸ்கூட்டர் விண்ணப்பத்துப் பெட்டிக்குள்ள இருந்து எதுக்குவே வெட்டி எடுத்தீரு?"

எஸ்.ஐ. கோப்பைப் புரட்டினார். "மேடம், நீங்க சொல்லுதது சரியாத்தாம் படுது. ஆனா இவரு ஒண்ணு சொல்லுதாரு, அவங்க ஒண்ணு சொல்லுதாங்க. அந்த வீட்டு அட்ரஸுல காயிதம் வாங்கின ஒருத்தன் வந்து, வீட்டுக்காரம்மாவை நான் பார்த்ததே இல்ல, எல்லாம் இவருதாம் செஞ்சாருன்னு எழுதிக் குடுக்கணும். இல்லன்னா நான் ரெண்டு பேரையும்தாம் சேர்த்துப் போடணும். முப்பத்தொண்ணும் கேரளாவுல இருக்கு. அஞ்சு மணிக்குள்ள எங்க போவீங்க?"

மணி நாலு பத்து. ஜெகதீஸ்வரன் புதிய கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

பேராச்சி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "பீரு, கார்ல இருக்க ஒம்ம எல்.எல்.ஆரை எடுத்துக்கிட்டு வாரும்."

"என்னத்துக்கு அக்கா?"

"எடுத்துக்கிட்டு வாரும்."

கொண்டுவந்தான். "வாசியும்," என்றாள். அவன் பெயரை வாசித்தான், தகப்பன் பெயரை வாசித்தான். அதற்கடுத்த வரியில் நின்றுபோனான். கதவு எண் 4/117, வடக்குத் தெரு, இலத்தூர்.

அவன் ஆதாரில் இருப்பது பம்பாய் டோங்கிரி லாட்ஜ் விலாசம். விசாவுக்குக் காத்திருந்த நாளில் எடுத்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அதை நீட்டியபோது மாஸ்டர் சிரித்துக்கொண்டே, விடுங்க, நான் பாத்துக்கிடுதேன் என்றார். இவனும் இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு என்று பதினைந்து கையெழுத்துப் போட்டான். ஒரு வரிகூட வாசிக்கவில்லை. வந்த எல்.எல்.ஆரில் போட்டோவை மட்டும் பார்த்தான், தாடி நன்றாக விழுந்திருக்கிறதா என்று. எஸ்.ஐ.யின் பட்டியல் லைசென்ஸ் ஆனவர்களை மட்டும் எண்ணியது. எல் போர்டுக்காரனை யாரும் எண்ணவில்லை.

"படச்சவனே! முப்பத்திரண்டாவது ஆளு நானா?"

அவன் காலையில் அடித்த டோக்கன் ஜோக் அவன் நெஞ்சிலேயே வந்து குத்தியது. அதைவிட ஒன்று அதிகமாகக் குத்தியது. "அக்கா, கான்ஸ்டபிள் குடுக்கும்போதே இதப் பார்த்துட்டீகளா?"

"பார்த்தேன்."

"அப்பம் குற்றாலம் வரைக்கும் பேசாம வந்தது..."

"நீரு கூட்டாளியா, ஏமாளியான்னு எனக்குத் தெரியணும்லா."

"என்னையா?" அவன் இரண்டு வருடமாகப் பக்கத்திலேயே இருப்பவன். "எப்பம் ஏமாளின்னு முடிவு பண்ணீக?"

"அந்த ஆளு மாமியா வருதான்னு பாடினப்ப நீரு சிரிச்சீரே. கூட்டாளியா இருந்தா முகம் செத்திருக்கும்." பேராச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சந்தேகப்பட்டது தப்புதாம். மன்னிச்சிரும். இத எஸ்.ஐ. கையில குடுத்தா ஒம்ம எல்.எல்.ஆர். ரத்தாகும். வெள்ளிக்கிழமை டெஸ்ட் கிடையாது. பொய் விலாசத்துல கையெழுத்துப் போட்டதுக்கு ஒம்மளையும் நாலு கேள்வி கேப்பாங்க. குடுக்கதும் குடுக்காததும் ஒம்ம இஷ்டம். நான் சொல்ல மாட்டேன்."

ஜெகதீஸ்வரன் அவசரமாகக் குறுக்கே விழுந்தார். "அண்ணாச்சி, யோசிங்க. வெள்ளிக்கிழமை பாஸ், அடுத்த வருஷம் ஹெவி. நான் பாத்துக்கிடுதேன்."

பீர் மைதீன் நஸீபாவின் நெய்ச்சோற்றை நினைத்தான். பதினெட்டுச் சக்கரத்தை நினைத்தான். முதலிலிருந்து மறுபடி எல், மறுபடி ஒரு வருடம். மேஜை விளிம்பைப் பிடித்திருந்த அந்தக் கையையும் பார்த்தான். காலையில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது, இந்த ஒரு வேலைதான் எனக்கு என்று.

"நீரு பாத்துக்கிட்டது போதும்வே," என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, எல்.எல்.ஆரை எஸ்.ஐ. முன்னால் வைத்தான். "எழுதிக்கிடுங்க சார். இந்தக்காவை நான் இன்னைக்குக் காலையில பத்து மணிக்குத்தாம் மொதல்ல பார்த்தேன். ஆனா காயிதப்படி ரெண்டு மாசமா அவங்க வீட்ல குடியிருந்திருக்கேன்."

எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். "பேரு பீர் மைதீன். முகவரி?"

"அதத்தான் சார் எனக்கும் தெரியல," என்றான் பீர் மைதீன்.

வாக்குமூலம் எழுதி முடிக்கும்போது மணி ஐந்தாக எட்டு நிமிஷம் இருந்தது. எஸ்.ஐ. முதல் பெயரை அடித்துவிட்டு ஜெகதீஸ்வரன் என்று எழுதியதைச் சங்கரேஸ்வரி தன் கண்ணால் பார்த்தாள். ஜீப் கிளம்பிய பிறகு அவள் பீர் மைதீனிடம் வந்தாள்.

"முப்பத்திரண்டு பேருல நீங்க ஒருத்தராவது வந்து முகத்தக் காட்டுனீகளே, தம்பி." கை கூப்பிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். கியர் இல்லாத வண்டி, முறையான லைசென்ஸ், சொந்த விலாசம்.

மாருதி சாலையோரம் நின்றது. பீர் மைதீன் வழக்கம்போல் வலது கதவுக்குப் போனான், பிடியைத் தொட்டான், பிறகு கையை எடுத்துவிட்டான். எல்.எல்.ஆர். ஜீப்பில் போய்விட்டது. இனி ஸ்டியரிங்கைத் தொட அவனுக்கு உரிமை இல்லை. சாவியைப் பேராச்சியிடம் நீட்டினான்.

பேராச்சி சாவியை வாங்கி, எது கதவுச் சாவி என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க லைசென்ஸுக்கு டெஸ்ட் குடுத்தீகதானே?"

"அப்பம்லாம்..." என்று ஆரம்பித்தவள் ரோட்டைப் பார்த்தாள். "கம்பெனியில எல்லாருக்கும் சேர்த்து ஒருத்தர் வந்தாருவே. இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணுன்னாரு. போட்டோம்."

பீர் மைதீன் சிரிக்கவில்லை. இடது கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான். ஊரிலேயே பெரிய வண்டி ஓட்டியவன், தொட உரிமை இல்லாமல் இந்தப் பக்கம். இருபத்தாறு வருட லைசென்ஸ் அந்தப் பக்கம்.

"எல் போர்டை எடுத்திரட்டா? ஒங்களுக்குத்தான் லைசென்ஸ் இருக்கே."

பேராச்சி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"இருக்கட்டும்," என்றாள். "பால் எப்பம் பொங்கும்னு மட்டும் சொல்லும்."